தொப்பியும் ஷூவும் ஆடிய பாட்டு

1978-இல் ஜப்பானில் 'கொச்சின் மூன்' என்றொரு இசைத்தட்டு வெளிவந்தது. ஹருவோமி ஹொசோனோ என்ற இசைக்கலைஞர், ஓவியர் ததனோரி யோகோவோடு இந்தியாவைச் சுற்றிவிட்டுப் போன கையோடு செய்தது அது. எடுக்கப்படாத ஓர் இந்திய சினிமாவுக்குப் பின்னணி இசை என்று கற்பனை செய்துகொண்டு, முழுக்க முழுக்க சிந்தசைசர்களை வைத்தே செய்திருந்தார். பாட்டுகளின் பெயர்களைப் படித்தாலே பயணம் எப்படிப் போயிற்று என்று புரிந்துவிடும். மூன்று பாட்டுகளுக்கு 'ஹோட்டல் மலபார்' என்று பெயர். அடுத்ததன் பெயர் 'ஹெபடைட்டிஸ்'. கடைசிப் பாட்டு 'மேடம் கான்சல் ஜெனரல் ஆஃப் மெட்ராஸ்'. காய்ச்சலும் வயிற்றுக்கோளாறுமாக அலைந்த மனிதர், மெட்ராஸில் இருந்த தூதரக அம்மையார் ஒருவருக்குப் பாட்டாலேயே நன்றிக்கடன் தீர்த்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே ஆண்டு ஹொசோனோ, ரியூயிச்சி சகமோட்டோ, யுகிஹிரோ தகாஹாஷி மூவரும் சேர்ந்து 'யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா' என்ற குழுவைத் தொடங்கினார்கள். எலெக்ட்ரானிக் பாப் என்று இன்று நாம் சொல்லும் வகைக்கு ஆசியாவில் அவர்களே முதல் புள்ளி. பின்னால் வந்த ஜப்பானியக் குழுக்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் அவர்கள் வாரிசுகள். அந்தப் பரம்பரையின் தொடக்கத்தில், தட்டின் பின்னட்டையில், மெட்ராஸ் என்று அச்சாகியிருக்கிறது.

மெட்ராஸ் பதிலுக்கு ஜப்பானிடம் வாங்கிய கடனும் உண்டு. அதைத் தேடி அதிகத் தூரம் போகவேண்டாம். 1980-களில் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் இருந்த கீபோர்டுகளின் பெயர்களைப் பார்த்தால் போதும்: யமஹா, ரோலண்ட், கோர்க். மூன்றும் ஜப்பான். ரோலண்டை 1972-இல் ஒசாகாவில் தொடங்கியவர் இகுதாரோ ககேஹாஷி. ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொரு கம்பெனியின் டிரம் மெஷினோடு பேச முடியாமல் இருந்த காலத்தில், எல்லாருக்கும் பொதுவாக ஓர் ஏற்பாடு வேண்டும் என்று அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் அவரும் முயன்றதில் பிறந்ததுதான் 1983-இல் வந்த 'மிடி'. அதற்காக 2013-இல் இருவருக்கும் கிராமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. இன்றைக்குத் தமிழில் வெளியாகும் எந்தப் பாட்டையும் பிரித்துப் பார்த்தால், உள்ளே அந்த மிடி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆக, பெட்டி ஒன்றுதான். அதை டோக்கியோ ஒரு விதமாகவும் சென்னை வேறு விதமாகவும் ஆட்டுவித்தன. அந்த வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை.

விரல் நுனியில் ஏறிய துக்கம்

ஜப்பான் பக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். ஹிரோஷிமாவில் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் சேர்ந்த சிறுமிகள் கூடி உருவான குழு 'பெர்ஃப்யூம்'. ஆ-சான், கஷியுகா, நொச்சி என்று மூன்று பேர். அதே பள்ளியில் அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த மிகிகோதான் பின்னாலும் அவர்களுடைய டான்ஸ் மாஸ்டர். 2003-இலிருந்து இசை யசுதகா நகதா. 2007-இல் 'பாலிரிதம்' என்ற பாட்டு வந்தது. மறுசுழற்சிக்கான ஒரு விளம்பரப் பிரசாரத்தில் ஒலித்த அந்தப் பாட்டோடு, யாரென்றே தெரியாமல் இருந்தவர்கள் ஜப்பான் முழுக்கத் தெரிந்தவர்கள் ஆனார்கள்.

அந்தப் பாட்டை மயிலாப்பூர் சபா ஒன்றின் முன்வரிசையில் போட்டுக்காட்ட ஆசை. நடுவில் ஓர் இடம் வரும். அடித்தளத்தில் நாலு நாலாகத் தாளம் போய்க்கொண்டிருக்க, மேலே குரல்கள் அஞ்சாகவும் ஆறாகவும் பிரிந்து ஓடும். வெற்று பாப் பாட்டென்று நினைத்து உட்கார்ந்திருக்கும் மாமா, தன்னையறியாமல் தொடையில் கண்ட நடை போட ஆரம்பித்துவிடுவார். தனியாவர்த்தனத்துக்கு எழுந்து காபி குடிக்கப் போகாத வகையறாவாக இருந்தால் கணக்கு எங்கே முட்டி முடிகிறது என்பதையும் பிடித்துவிடுவார்.

ஆனால் பெர்ஃப்யூமின் ரகசியம் தாளத்தில் இல்லை. அந்த மூவரும் குரல் பயிற்சி பெற்றவர்கள். உருகிப் பாடத் தெரிந்தவர்கள். நகதா அவர்களிடம் கேட்டதோ அதற்கு நேர் எதிர்: அழுத்தம் வேண்டாம், ஏற்ற இறக்கம் வேண்டாம், சும்மா பாடினால் போதும். பாடியதை எடுத்து மெஷினில் போட்டு வழவழப்பாக்கி, மூவரில் யார் குரல் எது என்றே தெரியாதபடி செய்துவிடுவார். தொடக்கத்தில் அவர்களுக்கு இது கசந்தது என்பதில் வியப்பில்லை. குரலில் அடைபட்ட உணர்ச்சி எங்கே போகும்? உடம்புக்குப் போயிற்று. குதிகால் உயர்ந்த செருப்புப் போட்டுக்கொண்டு, மூவரும் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல், தோளைத் திருப்பும்போதும் விரலை மடக்கும்போதும் அந்தப் பாட்டு எதைச் சொல்லவில்லையோ அதைச் சொல்கிறார்கள். குரல் இயந்திரம், உடம்பு மனிதன். இதுதான் பெர்ஃப்யூமின் ஏற்பாடு.

உடம்பே முக்கியம் என்றான பிறகு தொழில்நுட்பமும் உடம்பையே துரத்தியது. தொழில்நுட்பக் கலைஞர் தைதோ மனபேயும் அவருடைய 'ரைசோமேட்டிக்ஸ்' நிறுவனமும் 2010 வாக்கில் சேர்ந்துகொண்டார்கள். 2012-இல் மூவரும் ஆடியதை மோஷன் கேப்சரில் பதிவுசெய்து, அந்தத் தரவை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தார்கள். முகம் கிடையாது, சதை கிடையாது. மூட்டுகள் எந்த நொடியில் எங்கே இருந்தன என்ற எண்கள் மட்டும். ஊர் உலகத்தில் இருந்த புரோகிராமர்கள் அந்த எண்களைக் கொண்டு புள்ளிகளையும் கோடுகளையும் எலும்புக்கூடுகளையும் ஆடவிட்டார்கள். பார்த்தவர்கள் 'இது நொச்சி' என்று சொல்லிவிட முடிந்தது. 2013-இல் கான் விளம்பர விழா மேடையில், ஆடிக்கொண்டே இருக்கும் அவர்களின் உடைமீதே ஒளிப்படங்களைப் படியவைத்துக் காட்டினார்கள். ஆள் நகர்ந்தால் படமும் கூடவே நகரும்.

உடம்பு இல்லாமல் ஆட்டம் மட்டும் மிஞ்சுவது. இதை நாம் பதினெட்டு வருஷம் முன்பே பார்த்தவர்கள். அதற்கு வருகிறேன்.

மயிலாப்பூர் அறை, கோடம்பாக்கம் கொல்லைப்புறம்

சென்னையின் மின்னிசைக் கதையைத் தொடங்குவதற்குச் சரியான இடம் மயிலாப்பூர். அங்கே ஓர் அறையில் தங்கியிருந்து பியானோவும் மேற்கத்திய இசை இலக்கணமும் சொல்லிக்கொடுத்தவர் தன்ராஜ் மாஸ்டர். பின்னால் இளையராஜா ஆன பண்ணைப்புரத்து இளைஞரை 'ராஜா' என்று கூப்பிட ஆரம்பித்தவர் அவர்தான். அதே மாஸ்டரிடம் பின்னால் பியானோ கற்றவர்களில் திலீப் என்ற பையனும் ஒருவன். மலையாளப் பட இசையமைப்பாளர் ஆர்.கே.சேகரின் மகன். அப்பா 1976-இல் இறந்தபோது பையனுக்கு ஒன்பது வயது. அவர் விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் வீடு நடந்தது. மற்ற வீடுகளில் பீரோவும் கட்டிலும் இருக்கும் இடத்தில் கீபோர்டும் ஒயர்களும் கிடந்த வீடு. இயந்திரத்தைப் பார்த்து அந்தப் பையன் மிரள வாய்ப்பே இல்லை.

1986 தீபாவளிக்கு கே.பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' வந்தது. கமல் டான்ஸ் மாஸ்டர், ரேவதி அவரிடம் கற்க வந்த சிங்களப் பெண். இந்தப் படத்தின் இசைக்கு இளையராஜா கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார். யமஹாவின் சிஎக்ஸ்5எம், சிந்தசைசரைத் தன்னுள் வைத்துக்கொண்டு வந்த சின்னக் கணினி. அதில் இசையைப் புகுத்தும் வேலையில் இருந்தவர் திலீப். படத்தின் தீம் மியூசிக்குக்குக் கமலும் ரேவதியும் ஆடும் ஆட்டம் இருக்கிறதே, தமிழில் எலெக்ட்ரோபாப் என்று ஒன்றுக்குப் பிறந்தநாள் குறிக்கவேண்டுமானால் அந்த நாளைத்தான் நான் குறிப்பேன். அதே வருஷம் 'விக்ரம்' வந்தது. எழுதியவர் சுஜாதா. அதன் தலைப்புப் பாட்டும் மின் ஒலிகளால் கட்டப்பட்டதுதான். ஒரே ஆண்டில் இரண்டு படங்கள், இரண்டிலும் கமல், இரண்டிலும் ராஜா.

கர்நாடக இசையின் தலைநகரில் இதற்கு எதிர்ப்பு இருந்திருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். ஆனால் அந்தக் காலகட்டத்தில்தான் பெங்களூரில் தயாரான எலெக்ட்ரானிக் தம்பூரா ஒவ்வொரு வித்வானின் கைப்பையிலும் இடம்பிடித்துக்கொண்டிருந்தது. தம்பூரா மீட்ட ஆள் தேடி அலைந்த பாடகர் யாரும் அந்தப் பெட்டியைக் குறைசொன்னதில்லை. மாண்டலினை மின்சாரத்தில் இணைத்து வாசித்த சிறுவன் ஸ்ரீநிவாஸுக்கு மண்டபங்கள் நிரம்பின. சென்னைக்காரர்களுக்கு இயந்திரத்தின்மீது பகை எப்போதும் கிடையாது. சுருதி சேர்ந்தால் போதும்.

திலீப், ஏ.ஆர்.ரஹ்மானாகி விளம்பரப் பாட்டுகள் போட்டுக்கொண்டிருந்தார். மயிலாப்பூர் வீடுகளின் காலையோடு கலந்துபோன லியோ காபி விளம்பரத்துக்கு அவர் போட்ட இசைக்கு விருது கிடைத்தது. அந்த விளம்பர உலகத்துத் தொடர்புகள் வழியாகவே மணிரத்னம் அவரிடம் வந்துசேர்ந்தார். கோடம்பாக்கம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் 'பஞ்சதன்' என்ற ஒலிப்பதிவுக் கூடம் எழுந்தது. 1992-இல் 'ரோஜா'. அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதிப் பக்கத்தை நிரப்பப்போவதில்லை.

ஒன், டூ, த்ரீ, ஃபோர்

எழுதவேண்டியது ஆட்டத்தைப் பற்றி. ரஹ்மானின் இசை மாறியதைப் பற்றிப் புத்தகங்கள் வந்துவிட்டன. அந்த இசையை ஓர் உடம்பு எப்படி வாங்கிக்கொண்டது என்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

டான்ஸ் மாஸ்டர் முகூர் சுந்தரம். அவருக்கு மூன்று மகன்கள்: ராஜு சுந்தரம், பிரபுதேவா, நாகேந்திர பிரசாத். பிரபுதேவா முறையாகப் பரதம் கற்றவர். தர்மராஜிடமும் உடுப்பி லட்சுமிநாராயணனிடமும். 'மௌன ராகம்' படத்தில் புல்லாங்குழல் வாசிக்கும் சிறுவனாக ஒரு பாட்டில் தலைகாட்டினார். 'அக்னி நட்சத்திரம்' படத்தில் குரூப் டான்ஸர். 1989-இல் 'வெற்றி விழா'வுக்கு டான்ஸ் மாஸ்டர். அப்போது அவருக்குப் பதினாறு வயது. யூனியன் கார்டு வைத்திருந்த எத்தனை பெரியவர்கள் அந்தப் பையனின் கணக்குக்கு ஆடியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கணக்கு என்றேன். பழைய முறையில் ஐம்பது அறுபது பேர் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்துப் பாட்டைப் பதிவுசெய்தார்கள். எவ்வளவு துல்லியமாக வாசித்தாலும் தாளம் மூச்சுவிடும். சரணத்தில் இழை அளவு வேகம் கூடும், முடிவில் தளரும். மெஷின் வந்த பிறகு க்ளிக் வந்தது. முதல் அடிக்கும் ஆயிரமாவது அடிக்கும் நடுவில் வேகம் மயிரிழையும் மாறாது. படப்பிடிப்புத் தளத்தில் நாக்ரா டேப் ரெக்கார்டர் ஒலிக்க, மாஸ்டர் எட்டு எட்டாக எண்ண, ஆடுபவருக்கு இனிக் காத்திருக்க வேண்டியதில்லை. அடி எங்கே விழும் என்பது முன்கூட்டியே தெரியும். அரை அடியை நாலாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஓர் அசைவை வைக்கலாம். முழங்கை தனியாக, மணிக்கட்டு தனியாக, கழுத்து தனியாக. பிரபுதேவாவுக்கு எலும்பே இல்லை என்று ஊர் சொன்னது. எனக்கென்னவோ அவரிடம் இருந்தது எலும்புக்கு ஒரு தாளம் என்று தோன்றுகிறது. ஜதிக்கு ஆடிப் பழகிய கால்களுக்கு, லூப்புக்கு ஆடுவது அந்நிய வேலை இல்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, கேமராவையும் நொடிக்கு 48 ஃபிரேம் ஓட்டிப் படமெடுத்தால், திரையில் உதட்டசைவு சரியாக இருக்கும்; ஆனால் துணியும் முடியும் மிதக்கும். ஆடுபவர் தளத்தில் இரட்டை வேகத்தில் ஆடியாக வேண்டும். நாம் திரையில் பார்த்துக் கிறங்கிய எத்தனையோ மென்மையான அசைவுகள், நிஜத்தில் வெறிபிடித்த வேகத்தில் ஆடப்பட்டவை.

1993-இல் 'ஜென்டில்மேன்' படத்தில் 'சிக்குபுக்கு ரயிலே'. பாடியவர்கள் சுரேஷ் பீட்டர்ஸும், சின்னப் பையனாக இருந்த ஜி.வி.பிரகாஷும். அதே ஆண்டு 'திருடா திருடா'வுக்காக முகூர் சுந்தரத்துக்குச் சிறந்த நடன அமைப்புக்கான தேசிய விருது. அடுத்த ஆண்டு 'காதலன்'. அதில் மகன் பிரபுதேவா கதாநாயகன். கண்ணாடிப் பேருந்துக்குள் 'ஊர்வசி'. பிறகு 'முக்காலா'.

அதை மறுபடி பாருங்கள். கௌபாய் ஊர் செட். நக்மாவும் பிரபுதேவாவும். ஆட்டம் உச்சத்துக்கு ஏறும்போது துப்பாக்கிக் குண்டுகள் பாய்கின்றன. தலை போகிறது, தொப்பி ஆடுகிறது. கைகள் போகின்றன, கையுறைகள் ஆடுகின்றன. கடைசியில் உடம்பென்று ஒன்றுமில்லை. தொப்பி, உடை, கையுறை, ஷூ இவை மட்டும் ஆடிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் ஆடுவது பிரபுதேவாதான் என்பதில் அரங்கில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்போது மோஷன் கேப்சர் என்ற சொல்லே கோடம்பாக்கத்தில் புழங்கவில்லை. ஃபிரேம் ஃபிரேமாக உடம்பை அழித்து, பின்னால் இருக்கவேண்டிய செட்டை அங்கே நிரப்பிச் செய்த வேலை. எஸ்.டி.வெங்கிக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. டோக்கியோவில் 2012-இல் எண்களாகத் திறந்துவிட்ட விஷயம், இங்கே 1994-இல் ஒரு தியேட்டர் டிக்கெட் விலைக்குக் கிடைத்தது.

தொண்டை மட்டும் தொடப்படவில்லை

'காதலன்' கேசட்டைத் திருப்பிப் போட்டால் 'என்னவளே'. உன்னிகிருஷ்ணன் பாடியது, அந்த ஆண்டின் சிறந்த பாடகருக்கான தேசிய விருதை அவருக்கு வாங்கிக்கொடுத்த இரண்டு பாட்டுகளில் ஒன்று. சபா மேடையிலிருந்து நேராக வந்த கர்நாடகக் குரல். 'முக்காலா'வையே எடுத்துக்கொள்ளுங்கள்: அடியில் ஓடுவதெல்லாம் மெஷின், மேலே மனோவும் ஸ்வர்ணலதாவும் முழுத் தொண்டையில் பாடுகிறார்கள். 'பேட்டை ராப்'பில் தேனி குஞ்சரம்மாள் வருகிறார். எந்தக் கம்ப்யூட்டராலும் அந்தக் குரலை வழவழப்பாக்க முடியாது. ரஹ்மான் முயலவும் இல்லை.

ஜப்பானுக்கும் நமக்கும் வித்தியாசம் இங்கேதான். நகதா குரலை இயந்திரமாக்கி உடம்பை மனிதனாக விட்டார். சென்னையில் நடந்தது தலைகீழ். இங்கே உடம்பு இயந்திரத்தைப்போல் ஆடியது. வெட்டி வெட்டி, நின்று நின்று, கடைசியில் உடம்பே இல்லாமல். குரல் மட்டும் மண்ணோடு, மூச்சோடு, பிசிறோடு அப்படியே விடப்பட்டது. மெட்ரோனோமின் மேல் ஒப்பாரி வைக்கத் தெரிந்த ஊர் இது.

'திருடா திருடா' ஆல்பம் இதற்குச் சரியான சாட்சி. அதில் 'சந்திரலேகா' இருக்கிறது, அனுபமாவும் சுரேஷ் பீட்டர்ஸும் பாடியது. தொண்ணூறுகளின் மின்னிசையில் அதைத் தாண்டியது குறைவு. அதே ஆல்பத்தில் 'ராசாத்தி' இருக்கிறது. கருவி என்று ஒன்றுகூடக் கிடையாது; ஷாகுல் ஹமீதின் குரலும் பின்னால் கூட்டுக்குரல்களும் மட்டும். ஊரிலேயே அதிக மெஷின்கள் வைத்திருந்த மனிதர், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு பாட்டுப் போட்டார். ஷாகுல் ஹமீதின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் திரும்ப வருவார்.

இந்த முறை விதியாகிப்போய்ப் பல படங்களுக்கு ஓடியது. 'மின்சாரக் கனவு' படத்தின் 'வெண்ணிலவே'வுக்காகப் பிரபுதேவாவும் தேசிய விருது வாங்கினார். அப்பா வாங்கிய மூன்றே ஆண்டுகளில். 1998-இல் ஷங்கரின் 'ஜீன்ஸ்'. தன் இரட்டை மகன்களுக்கு இரட்டையராகப் பிறந்த பெண்கள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் அப்பாவை ஏமாற்ற, பெண் வீட்டில், இல்லாத ஒரு தங்கையை உருவாக்குகிறார்கள். அந்தத் தங்கையை மேடையில் ஆடவைக்க, அண்ணனாக நடித்த ராஜு சுந்தரம் கம்ப்யூட்டரில் ஒளியுருவம் ஒன்றைத் தயார்செய்கிறார். ஐஸ்வர்யா ராயும் அவருடைய ஒளியுருவமும் சேர்ந்து ஆடும் 'கண்ணோடு காண்பதெல்லாம்' அப்படி வந்ததுதான். ஹோலோகிராம் பெண் பாட்டுக்கு ஆடுவதை ஜப்பான்காரர்கள் ஹட்சுனே மிகு என்ற கற்பனைப் பாடகியை வைத்து நிஜ மேடையில் நடத்திக்காட்டியது அடுத்த பத்தாண்டில். மிகுவின் குரலும் யமஹாவின் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்ட குரல். நம் ஒளியுருவத்துக்குப் பாடியவரோ நித்யஸ்ரீ மகாதேவன், டி.கே.பட்டம்மாளின் பேத்தி. அந்தப் பாட்டின் சங்கதிகளைக் கேட்டுவிட்டு மெஷின் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அதே 1998-இல்தான் ரஜினியின் 'முத்து' டோக்கியோவுக்குப் போனது. ஷிபுயாவின் 'சினிமா ரைஸ்' அரங்கில் மாதக்கணக்கில் ஓடியது. தலைப்பை 'ஆடும் மகாராஜா' என்று மாற்றியிருந்தார்கள். ரசிகர்கள் ரஜினியை மகாராஜா என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கணக்கில் வராதவர்கள்

பெருமை பேசியாகிவிட்டது. இனிக் கணக்குப் பார்க்கவேண்டும்.

ஐம்பது அறுபது பேர் வாசித்தார்கள் என்று சொன்னேன். வயலின், வயோலா, செல்லோ, புல்லாங்குழல், தபேலா, டோலக். காலையில் ஒரு கால்ஷீட், மதியம் ஒன்று. தி.நகரிலும் சாலிகிராமத்திலும் வடபழனியிலும் அந்த வருமானத்தில் வீடு கட்டியவர்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் உண்டு. சீக்வென்சர் வந்ததும் போன் வருவது குறைந்தது. ஒருவர் வாசித்ததைப் பதிவுசெய்து, அதையே திரும்பத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம் என்றானபோது, மிச்சப் பேர் தேவைப்படவில்லை. ரஹ்மானை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம்; அவர் இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டிகள் வந்திருக்கும். கேசட்டிலும் குறுந்தகட்டிலும் வாசித்தவர்களின் பெயர்களை வரிசையாகப் போடும் வழக்கத்தைப் பரவலாக்கியவரும் அவரே. 2008-இல் கே.எம். இசைப் பள்ளியை ஆரம்பித்து, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் இசைக்குழுவை வளர்த்தார். இழந்ததை அது ஈடுகட்டிற்றா என்றால், பழைய வாத்தியக்காரர்களிடம்தான் கேட்கவேண்டும்.

ஆடியவர்கள் நிலைமை இதைவிட மோசம். பெர்ஃப்யூமின் மூன்று பேரின் பெயரும், மிகிகோவின் பெயரும், மனபேயின் பெயரும் அவர்களுடைய ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். 'முக்காலா'வில் பிரபுதேவாவுக்குப் பின்னால் ஆடியவர்களில் ஒருவர் பெயரையாவது உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. டைட்டில் கார்டில் டான்ஸ் மாஸ்டர் பெயர் வரும். உதவி மாஸ்டர்கள் பெயர் சில சமயம் வரும். வெயிலில் இருபது டேக் ஆடியவர்கள் 'குரூப்'. அந்த ஒரு சொல்லோடு சரி. அடையாறில், தி.நகரில், அசோக் நகரில் இன்று டான்ஸ் கிளாஸ் நடத்துபவர்களில் பலர் அந்த வரிசைகளிலிருந்து வந்தவர்கள். தெருமுனைப் பலகையில்தான் முதன்முறையாக அவர்கள் பெயர் அச்சானது.

செத்தவர் பாடுகிறார்

2010-இல் 'எந்திரன்'. சிட்டி என்ற ரோபோ காதலில் விழுந்து பாட்டும் பாடி ஆட்டமும் ஆடியது. 'இரும்பிலே ஒரு இருதயம்' எழுதியவர் மதன் கார்க்கி. கணினி அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கி, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். ரோபோவின் காதலை எழுத அவரைவிடத் தகுதியானவர் கிடைத்திருக்க மாட்டார். ஆனால் சிட்டிக்கும் குரல் ரஹ்மானுடையதுதான். பழைய விதி அங்கேயும் உடையவில்லை.

2014-இல் 'கோச்சடையான்'. முழுக்க மோஷன் கேப்சரில் எடுக்கப்பட்ட ரஜினி படம். அதில் உடம்பும் முகமும் இரண்டும் மெஷினுக்குள் போய்விட்டன. ரஜினியின் ஸ்டைல் எண்களாக மாறி வெளியே வந்தபோது ஏதோ ஒன்று வழியில் தவறிவிட்டது. ரசிகர்களே உள்ளுக்குள் ஒத்துக்கொண்டது அது. தொப்பியும் ஷூவும் ஆடியபோது நம்பியவர்கள், முழு உருவம் ஆடியபோது நம்பவில்லை. இல்லாததை மனம் நிரப்பிக்கொள்ளும். பாதி சரியாக இருப்பதை மன்னிக்காது. அதே படத்தில், 2009-இல் இறந்த நாகேஷையும் கணினியில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தமிழ் சினிமாவில் தன் உடம்பை அவரைப்போல் வளைத்து ஆடிய நகைச்சுவை நடிகர் இன்னொருவர் இல்லை. அவர் அசைவுகளை இன்னொருவர் உடம்பிலிருந்து எடுக்கவேண்டியிருந்தது.

அப்புறம் தொண்டைக்கும் முறை வந்தது. 2024 தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' வெளியானபோது, பாடியவர்கள் பட்டியலில் இரண்டு பெயர்கள் இருந்தன: 2022-இல் மறைந்த பம்பா பாக்யா, தொண்ணூறுகளிலேயே விபத்தில் இறந்துபோன ஷாகுல் ஹமீது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இருவர் குரலையும் திரும்ப உண்டாக்கியிருந்தார் ரஹ்மான். கருவியே இல்லாமல் 'ராசாத்தி' பாடிய குரல், இப்போது கருவியிலிருந்தே வந்தது. இரு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கியதாகவும், உரிய சம்பளம் கொடுத்ததாகவும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு 'கோட்' படத்தில், மறைந்த அக்கா பவதாரிணியின் குரலை யுவன் சங்கர் ராஜா அதேபோல் கொண்டுவந்தார். அந்தப் படத்தில் மறைந்த விஜயகாந்தும் கணினி உருவமாக வந்து போனார்.

'திமிறி எழுடா'வைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஷாகுல் ஹமீதின் நிறம் இருக்கிறது. கரகரப்பு இருக்கிறது. மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் அவரைக் காணோம். பாடகர் எந்த இடத்தில் மூச்சு முட்டித் தவிக்கிறாரோ அங்கேதான் 'ராசாத்தி' ராசாத்தியாக இருந்தது. பவதாரிணி விஷயத்தில் எனக்கு இந்தக் கறார் வரவில்லை. தம்பி அக்காவுக்குச் செய்ததை விமர்சகனாக உட்கார்ந்து கேட்க முடியவில்லை.

பாடகர்களுக்காவது இப்போது கேட்க ஆள் இருக்கிறது. குடும்பம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, அனுமதி என்ற பேச்சு இருக்கிறது. ஆட்டத்துக்கு அது இல்லை. பெர்ஃப்யூம் தங்கள் அசைவைத் தாங்களே விருப்பப்பட்டுத் திறந்துவிட்டார்கள், தங்கள் பெயரோடு. இங்கே சென்சார் ஒட்டிய சூட்டை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஆடும் குரூப் டான்ஸர் வாங்குவது அன்றைய கால்ஷீட் கூலி. அந்த அசைவு கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்த பிறகு, பத்து வருஷம் கழித்து வேறொரு படத்தில் ஆயிரம் பேர் கூட்டமாக ஆடினால், அந்த ஆயிரத்துக்கும் அவர் ஒருவர்தான் ஆடியவர். அதற்குத் தனிக் கூலி உண்டா, அவரைக் கேட்டார்களா என்பதெல்லாம் எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று யூனியன் கேட்டாக வேண்டும். மெஷின் வந்தபோது வயலின்காரர்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.